நாலாவது இலைக்குப் பிறகு

நான்கு இலை விரிகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கோளாறு அதற்குப் பிறகுதான்.

வாஷ்டி ஆக்சன்டைன் நாற்றுத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முந்தின நாள் பச்சையாக நின்ற நாற்றுகளில் பாதிக்கு மேல் கறுத்துக் கிடந்தன. மஞ்சளாகிப் பழுப்பாகிச் சாகிற செடிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது அப்படி இல்லை. தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்தால் நுனி எப்படி இருக்குமோ, அப்படி ஒரு கறுப்பு. தண்ணீர் அதிகம் ஊற்றினாலும் கறுத்தது, குறைத்தாலும் கறுத்தது. நிழலில் வைத்தாலும் வெயிலில் வைத்தாலும் நாலு இலை, பிறகு கறுப்பு.

பைன் காட்டுப் பூக்களில் அவள் நாற்றங்காலில் வளராதது எதுவுமில்லை. மணலில் வளர்வது, சதுப்பில் வளர்வது, பூச்சியைப் பிடித்துத் தின்பது, எல்லாமே அவளுக்குக் கட்டுப்பட்டிருந்தன. இந்த மணிப்பூ மட்டும் இரண்டு வருடமாக அவளைச் சுற்ற வைத்துக்கொண்டிருந்தது.

"என்ன கஸ், மறுபடியும் சாவு வீடா?"

சித்தப்பா மகன் ஃபர்மன் சேவிஸ். லாரியை விட்டு இறங்கும்போதே தட்டைப் பார்த்துவிட்டான். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர், 'கசின்' என்பதைச் சுருக்கி, 'கஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்து அமெரிக்கப் பழங்குடியான லம்பி ஜனங்களில் யார் யாருக்குச் சொந்தமில்லை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

"வாய மூடிக்கிட்டு உள்ள வா. காப்பி இருக்கு."

"காப்பி இருக்கட்டும். ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். கோழி ஷெட்டு கட்டறதுன்னு முடிவாயிடுச்சு. நவம்பர்ல புல்டோசர் வருது."

வாஷ்டி தட்டைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம்?"

"உனக்குத் தெரியாதா எந்தப் பக்கம்னு? எங்கிட்ட மேட்டு நெலம் அது ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் மழை பேஞ்சா தண்ணி நிக்கும். கோழிக்கு நீச்சல் தெரியாது."

அந்த மேட்டு நிலத்தில்தான் மணிப்பூ இருந்தது. அந்த மாவட்டத்தில் வேறு எங்கேயும் இல்லை. வாஷ்டி தேடாத இடமில்லை. ஃபர்மனின் அப்பா அந்தப் பைன் காட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தீ வைத்துக்கொண்டே வந்தவர், ஃபர்மனும் அதை விடவில்லை. அதனால்தான் அது பிழைத்தது. மணிப்பூவின் விதை தூசி மாதிரி இருக்கும். பைன் ஊசிகள் மெத்தையாக விழுந்து கிடந்தால் அந்தத் தூசிக்கு மண்ணைத் தொடவே வழியில்லை. தீ அந்த மெத்தையை எரித்து மணலைத் திறந்துவிடும். மற்ற காடுகளில் தீ நின்றது, பூவும் நின்றது.

இன்னொரு சிக்கல், இது ஒரே வருடச் செடி. வசந்தத்தில் முளைத்து, செப்டம்பரில் பூத்து, விதை சிந்திவிட்டுச் செத்துப்போகும். கிழங்கு இல்லை, அடிக்கட்டை இல்லை, தோண்டி எடுத்து நட்டால் இரண்டு நாளில் கறுத்துவிடும். விதையிலிருந்து வளர்த்தால்தான் உண்டு.

"நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல வாஷ்டி. ஆனா ஷெட்ட ஆகாசத்துல கட்ட முடியாது பாரு."

"நான் உன்ன நிறுத்தச் சொல்லலியே. அதுக்குள்ள இத வேற எடத்துல வளத்துக் காட்டணும், அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷமாக் காட்டிக்கிட்டுதான் இருக்க. நல்லா கறுப்பாக் காட்டற."

வாஷ்டி கையிலிருந்த கையுறையை அவன் மேல் எறிந்தாள்.

அவளுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தது. இது வேர் அழுகல். ஈரமான மண்ணில் பூஞ்சை புகுந்து நாற்றைக் கறுக்க வைப்பது எல்லா நாற்றங்காலிலும் நடப்பதுதான். அழுகலுக்கு மருந்து சுத்தம். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த ஊரில் முற்றத்தில் புல் முளைத்திருந்தால் அது சோம்பேறி வீடு. டாக்வுட் மரக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய துடைப்பத்தால், வெறும் மணலில் கோடு விழும்வரை பெருக்குவார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூட ஒரு புல் நிற்காது. வாஷ்டியின் நாற்றங்காலும் அப்படித்தான். தொட்டியில் செடி நிற்கும், சுற்றிலும் வெறும் மண். வேறு ஒரு பச்சை நுனி தலைகாட்டினால் சாயங்காலத்துக்குள் அது அவள் விரலில் இருக்கும்.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போனாள். தொட்டிகளைப் பிளீச் போட்டுக் கழுவினாள். மணலைச் சல்லடையில் சலித்து, சமையலறை அடுப்பில் வைத்துச் சுட்டாள். காட்டில் தீ உண்டே என்று சாம்பல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் ஹார்டி சுவர்ப்பலகை அடிக்கிற வேலையிலிருந்து உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். காலர்ட் கீரையும் வறுத்த பன்றிக் கொழுப்பும் வைத்து மடித்த சோள ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு நிறுத்தினார்.

"ஏம்மா, நான் நாள் முழுக்கச் சுண்ணாம்பு திங்கறேன். வீட்டுக்கு வந்தும் மணல் திங்கணுமா?"

"அடுப்ப நல்லாத் தொடச்சேனே!"

"தொடச்ச. ஆனா ரொட்டிக்கு அது தெரியல."

சுட்ட மணலில் முளைத்த நாற்றுகள் முன்பைவிடச் சீக்கிரமாகக் கறுத்தன. அது வாஷ்டியை உண்மையிலேயே பயமுறுத்தியது. மருந்து கூடக்கூட நோய் கூடுகிறதென்றால், ஒன்று மருந்து தப்பு, இல்லையென்றால் நோயே வேறு.

ஜூன் மாதம் மழை காலை வாரிவிட்டது. ஒரு மதியம் அவள் ஃபர்மனின் மேட்டு நிலத்துக்குப் போனாள். மணலில் ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் எண்ணம். விரலை முழுக்க நுழைத்தாலும் தூள்தான். காட்டு அவுரிநெல்லிச் செடிகள் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன. சின்ன ஓக் மரங்களின் இலை தோல் மாதிரித் தொங்கியது. கம்பிப்புல்கூட, பெயருக்கேற்ற மாதிரி, தன்னை இன்னும் இறுக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது.

அதன் நடுவே மணிப்பூச் செடிகள் நிமிர்ந்து நின்றன. நூல் மாதிரி இலை, நூல் மாதிரித் தண்டு, ஆனால் ஒரு வாட்டமில்லை.

'எல்லாரும் தவிக்கும்போது உனக்கு மட்டும் யார் தண்ணி ஊத்தறா?'

குனிந்து ஒரு செடியின் இலைகளைக் கைக்குள் பொத்தினாள். சில்லென்று இருந்தது. பக்கத்து ஓக் இலையைத் தொட்டாள். சூடு. மறுபடி மணிப்பூ. சில்லென்றுதான் இருந்தது. அடுத்த செடி, அதற்கடுத்த செடி, எல்லாமே அப்படித்தான்.

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். இலை எப்படிக் குளிரும்? நமக்கு வியர்த்துக் காற்று பட்டால் குளிர்கிற மாதிரிதான். இலையின் அடியில் இருக்கிற நுண்ணிய வாய்கள் வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வறட்சி வந்தால் கெட்டிக்காரச் செடி அந்த வாய்களை மூடிக்கொள்ளும். அதனால்தான் ஓக் இலை சுட்டது. மணிப்பூ மூடவே இல்லை. ஊரெல்லாம் பஞ்சத்தில் இருக்கும்போது தண்ணீரைத் தாராளமாகச் செலவழித்துக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு செலவழிக்கிறவனுக்கு வரவு எங்கிருந்து? நாற்றங்காலில் செத்த செடிகளின் வேரை அவள் பார்த்திருக்கிறாள். நாலைந்து முடி. அதை வைத்துக்கொண்டு இந்தச் செலவு செய்ய முடியாது.

எழுந்து வரும்போது ஒரு கிளை நுனியைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டாள். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தால், அது கரிக்கட்டையாக இருந்தது. அதே தீக்குச்சிக் கறுப்பு.

"ஹார்டி! இங்க வாங்க!"

"என்ன, பாம்பா?"

"பையில போட்ட எல அழுகுமா? ஒரு மத்தியானத்துல?"

"காஞ்சு போகும். அழுக என்ன இருக்கு?"

"அதான்! இது அழுகலே இல்ல. இந்தச் செடி செத்தா இந்த நெறம், அவ்வளவுதான். எப்படிச் செத்தாலும் இதே நெறம். இத்தன நாளா நான் பொணத்தோட நெறத்தப் பாத்து வியாதிக்குப் பேரு வச்சிருக்கேன்!"

"சந்தோஷமாச் சொல்ற மாதிரித் தெரியுதே," என்றார் ஹார்டி. "சரி, அப்போ எதனால சாகுது?"

"தாகத்தால."

மறுநாள் காலையிலேயே ஃபர்மன் வீட்டு வாசலில் நின்றாள். "ஒரு செடிய வேரோட தோண்டணும். மண்ணோட, அக்கம்பக்கத்தோட, பெரிய கட்டியா."

"நவம்பர்ல எல்லாத்தையும் மிஷினே தோண்டப் போவுது. அவசரத்தப் பாரு."

"நீ தோண்டினா கோழி வரும். நான் தோண்டினா பதில் வரும். மம்மட்டியக் குடு."

அவன் கொடுத்ததோடு நிற்காமல் கூடவே வந்து, கட்டியைத் தார்ப்பாயில் ஏற்றித் தூக்கவும் உதவினான். வழியெல்லாம் ஒரு செடிக்கு இரண்டு பேர் பல்லக்குத் தூக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

வாஷ்டி கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஊற வைத்தாள். பிறகு தோட்டக் குழாயின் நுனியில் கைவிரலை வைத்து, தண்ணீரைத் தூறல் மாதிரி ஆக்கி, ஓரத்திலிருந்து மணலைக் கரைக்க ஆரம்பித்தாள். வேரைப் பார்க்க வேண்டுமென்றால் மணலைச் செடியிடமிருந்து எடுக்க வேண்டும். செடியை மணலிலிருந்து இழுத்தால் பார்க்க வேண்டியதுதான் முதலில் அறுந்துபோகும். முன்பெல்லாம் அவள் இழுத்துத்தான் பார்த்திருந்தாள். ஃபர்மன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், காப்பி குடித்தான், திரும்பி வந்தான். அவள் அதே இடத்தில் இருந்தாள்.

மணல் போகப்போக வேர்கள் தண்ணீரில் மிதந்து விரிந்தன. கம்பிப்புல்லின் வேர் கெட்டியானது, தோல்நிறம். மணிப்பூவின் வேர் வெள்ளை, சிலந்தி நூல் அளவு. அந்த வெள்ளை நூல்கள் பக்கவாட்டில் போய்ப் புல்லின் வேரைத் தொட்ட இடங்களில் எல்லாம், கடுகிலும் சிறியதாய் ஒரு முடிச்சு இருந்தது. சின்னச் சின்ன வெளிறிய முடிச்சுகள், ஒன்று இரண்டல்ல, வேர் நெடுக.

வாஷ்டி ஒரு முடிச்சைக் குண்டூசி நுனியால் மெதுவாகத் தூக்கினாள். பிரியவில்லை. கொஞ்சம் இழுத்தாள். வெள்ளை வேர் அறுந்தது. முடிச்சு புல்லின் வேரிலேயே நின்றது.

"ஒட்டிக்கிட்டு இருக்கு," என்றான் ஃபர்மன்.

"ஒட்டல. உள்ள நொழஞ்சிருக்கு. பாரு, புல்லு வேரத் தொளச்சு உள்ள போயிருக்கு. கொழா மாட்டியிருக்கு ஃபர்மன். புல்லு ஆழத்துலேருந்து தண்ணி எடுக்குது, இது நடுவழியில கொழா போட்டு உறிஞ்சுது!"

"திருட்டுப் பய."

"முழுத் திருட்டு இல்ல. எல பச்சையா இருக்குல்ல? சாப்பாடு பெரும்பாலும் சொந்தமா வெயில்ல சமைச்சுக்குது. தண்ணியும் உப்பும் மட்டும் பக்கத்து வீட்டுல."

"நம்ம எர்வின் குடும்பம் மாதிரின்னு சொல்லு. சமையல் அவங்க அடுப்புலதான், தண்ணியும் உப்பும் மட்டும் நம்ம வீட்டுலேருந்து போகும்."

வாஷ்டி சிரித்த சிரிப்பில் குழாய் கைநழுவி அவன் மேலேயே தண்ணீர் அடித்தது.

சிரிப்பு அடங்கியபோதுதான் மீதியும் அவளுக்கு வரிசையாகப் புரிந்தது. தூசி விதைக்குள் எவ்வளவு சேமிப்பு இருக்கும்? நாலு இலைக்குத்தான் இருக்கும். அதற்குள் வேர் நீண்டு ஒரு பக்கத்து வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். சந்தன மரம்கூட இப்படித்தான், பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. தன் தொட்டிகளில் அந்த வேர் எந்தப் பக்கம் நீண்டாலும் சுத்தமான, சுட்ட, சலித்த, யாருமே இல்லாத மணல். அவள் பிடுங்கிப் போட்ட ஒவ்வொரு களையும் ஒரு பக்கத்து வீடு. போன வருடம் தன் சரிவு நிலத்தில் நேராக விதைத்தபோதும், முதலில் இரண்டு தடவை உழுது துப்புரவாக்கி விட்டுத்தானே விதைத்தாள்?

"நான் சுத்தம் பண்ணிப் பண்ணியே கொன்னிருக்கேன்," என்றாள்.

ஆனாலும் புரிந்தது வேறு, வளர்த்துக் காட்டுவது வேறு. குளிர் பட்டால்தான் முளைக்கும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியில், ஈரமணலில் வைத்திருந்த விதை இன்னும் ஒரு கைப்பிடி இருந்தது. ஃபர்மனிடம் கேட்டுக் கம்பிப்புல் குத்துகளைக் கொண்டுவந்து பிரித்து, ஒரு வாரம் ஒரு பகுதியும், அடுத்த வாரம் விதைக்கிற அன்று மீதியுமாகத் தொட்டிகளில் நட்டாள். பாதித் தொட்டிகளைப் பழையபடி வெறும் மணலாகவே விட்டாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் புல்லால்தான் என்று தெரியும். எல்லாவற்றிலும் விதையைத் தூவினாள். மூடவில்லை, அதற்கு வெளிச்சம் வேண்டும்.

மிகவும் கஷ்டமாக இருந்தது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். புல் தொட்டிகளைத் தாண்டும்போதெல்லாம் விரல் தானாகக் கீழே போயிற்று. ஹார்டி அவளுடைய களைக்கொத்தியை லாரியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

"சர்ச்சுல கேக்கறாங்க," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "சிஸ்டர் வாஷ்டிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா, நாத்தங்கால்ல புல்லு நிக்குதேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டாக்டர் பாத்துக்கிட்டிருக்காருன்னேன்."

நாலாவது இலை வந்தது. வெறும் மணல் தொட்டிகளில் வழக்கமான கறுப்பு, வழக்கமான நாளில். புல் தொட்டிகளில் அஞ்சாவது இலை வந்தது. ஆறாவது வந்தது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. புல் இருந்தும் சில நாற்றுகள் செத்தன. வாஷ்டி முகம் சுளிக்கவில்லை, அளவுகோலை எடுத்தாள். செத்தவை எல்லாம் தொட்டியின் விளிம்போரம் முளைத்தவை. பிழைத்தவை புல்லின் அடிக்குருத்தை ஒட்டி முளைத்தவை. அதோடு, முந்திய வாரம் நட்டுப் புது வேர் விட்டிருந்த புல்லில் அதிகம் பிழைத்தன. விதைத்த அன்றே நட்ட புல்லில் குறைவு. பக்கத்து வீடு இருந்தால் போதாது, கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வீட்டில் ஆளும் இருக்க வேண்டும்.

மிச்ச விதையை வேர் பிடித்த புல்லின் காலடியிலேயே போட்டாள். ஏறக்குறைய எல்லாமே எழுந்தன.

தாமதமாக விதைத்ததால் காட்டில் இருப்பதுபோல் உயரவில்லை. ஆனால் பகல் குறுகினால் மணிப்பூ பூத்துவிடும், உயரத்தைப் பார்க்காது. அக்டோபரில் ஒரு காலை வாஷ்டி நாற்றங்கால் கொட்டகைக்குள் வந்தபோது, பழுப்பேறிய புல் நுனிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு மணிகள் விரிந்திருந்தன. தொண்டைக்குள் சிவப்புப் புள்ளி, இரண்டு மஞ்சள் கோடு. ஒரு குண்டு வண்டுத்தேனீ முழு உடம்பையும் ஒரு மணிக்குள் திணித்து, பின்பக்கம் மட்டும் தெரிய உறுமிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கத்தினாள். ஹார்டி ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடிவந்தார்.

ஃபர்மன் மதியத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தான். மதியம் தாண்டினால் பூ கழன்று விழுந்துவிடும் என்று அவனுக்கும் தெரியும். தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"சரி கஸ். இப்ப என்ன வேணும் ஒனக்கு?"

"புல்லு."

"எவ்வளவு?"

"எல்லாம்."

காட்டில் விதை முற்றிய பிறகு, புல்டோசர்காரன் வருவதற்கு முன்னால், முன்னால் வாளி மாட்டிய டிராக்டரை அவனே ஓட்டினான். கம்பிப்புல்லைக் குத்துக் குத்தாக இல்லாமல், மேல்மண்ணோடு பாய் பாயாக வெட்டி எடுத்து, வாஷ்டியின் சரிவு நிலத்தில் இறக்கினான். சர்ச்சிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து பாய்களை ஒன்றோடொன்று சேர்த்து மிதித்து அழுத்தினார்கள். வாஷ்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். மதியம் எல்லோருக்கும் பொரித்த மீனும் காலர்ட் சாண்ட்விச்சும். புல் வேர் பிடிக்கட்டும் என்று காத்திருந்து, டிசம்பரில் ஒரு காற்றில்லாத காலையில் வாஷ்டி காட்டில் சேர்த்து வைத்திருந்த விதையை மணலில் கலந்து, ஒவ்வொரு குத்தின் காலடியிலும் தூவினாள். பனியும் குளிரும் மீதி வேலையைப் பார்த்தன.

மே மாதம் அஞ்சாவது இலை வந்தது. ஜூனில் மழை பெய்யவில்லை. யாருக்கும் கவலையில்லை.

செப்டம்பரில் அந்தச் சரிவு முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தது. ஃபர்மனின் மேட்டில் எந்த வருடமும் அவ்வளவு பூத்ததில்லை. பார்க்க வந்தவர்களின் கார்கள் சாலை ஓரம் நெடுக நின்றன. ஃபர்மன் தானே வளர்த்த மாதிரி எல்லோருக்கும் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். "குனிஞ்சு எலையத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கும்! இல்லன்னா நான் என் டிராக்டர இங்கயே விட்டுட்டுப் போறேன்!"

தெற்கே இன்னொரு மாவட்டத்திலிருந்து நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு பெண் வந்திருந்தாள். தன்னிடமும் நாலு இலையோடு கறுத்துப்போகிறது என்றாள். எந்த மருந்து அடித்தீர்கள் என்று கேட்டாள்.

"மருந்தே இல்லம்மா," என்றாள் வாஷ்டி. "மொதல்ல கம்பிப்புல்ல நடு. அது புது வேர் விடற வரைக்கும் பொறுத்துக்க. குளிர்காலத்துல வெதைய அதோட காலடியிலேயே தூவு, மூடாத. முளைச்சதுக்கு அப்புறம் அந்தப் புல்லப் புடுங்காத. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பைன் சருகுக்குத் தீ வை. அவ்வளவுதான். வளந்துரும்."